ஓடமும் வண்டியும்: களனித் துறையிலிருந்து இறம்பொடை வரை

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. செல்வமும் வறுமையும் மாறி மாறி வரும் என்பதற்கே இதனை எடுத்துச் சொல்வர். ஆயினும் அதன் நேர்ப்பொருளைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு இலங்கைத் தலைநகரிலே நமக்கு ஒருநாள் கிட்டியது. அந்த நாளின் அனுபவத்தைக் காரணமாகக் கொண்டு, துறைகளையும் பாலங்களையும் பற்றிய சில வரலாற்றுச் செய்திகளை இவ்வாண்டு மலர் வாயிலாக இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இறம்பொடைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் சென்று புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் தொழில் செய்யும் நம் இளைஞர் பலர். மாதம் ஒருமுறை பூரணை விடுமுறை வந்தால், ஊருக்கு வரப் பணமும் போதாது, பொழுதும் போதாது. அத்தகைய ஒரு பூரணை நாளில் நாம் சிலர் கூடி, கடைப் பையன்களிடம் துவிச்சக்கர வண்டிகளை இரவல் பெற்று, களனி கங்கைக் கரையோரமாகச் சென்று வருவதென முடிவு செய்தோம். ஆறு கடலோடு கலக்கும் காக்கைதீவிலே தொடங்கி, மட்டக்குளி வழியாகப் பாலத்துறைக்கும், அங்கிருந்து வெள்ளத் தடுப்பு அணையோரமாக மேலும் கிழக்கேயும் சென்றோம். வழியில் ஒருபுறம் பண்டகசாலைகள். மறுபுறம் நெருக்கமான சிறு வீடுகள். இடையிடையே மூங்கிலும் தென்னையும் தோன்ற, பழுப்பு நிற நீர் சலசலப்பின்றி மேற்கே சென்றுகொண்டிருந்தது. மலையிலே ஆற்றின் ஓசையைக் கேட்டே வளர்ந்த நமக்கு, ஓசையில்லாத ஆறு ஒரு புதுமையாகவே தோன்றிற்று.

அக்கரையிலுள்ள களனி விகாரையைக் காண வேண்டும் என்பது எமது விருப்பம். பாலத்துக்குத் திரும்பிச் சென்று சுற்றிவர மனமில்லாது கரையிலே நின்றபோது, வலையை உலர்த்திக்கொண்டிருந்த சிங்கள முதியவர் ஒருவர் தம் சிறு தோணியிலே எம்மை இருவர் இருவராக ஏற்றினார். வண்டிகளைக் குறுக்கே கிடத்தி, சக்கரம் நீருக்கு மேலே தொங்க, மெல்ல மெல்ல அக்கரை சேர்ந்தோம். பழமொழி உண்மையாயிற்று! "எந்த ஊர்?" என்று அவர் வினவ, "இறம்பொடை" என்றோம். "அப்படியானால் உங்கள் ஆறு வேறு, இந்த ஆறு ஹற்றன் பக்கத்து ஆறு" என்றார். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது.

இரு ஆறுகள்

முதியவர் சொன்னது முற்றிலும் சரியே. மலையகத்தின் நீர் ஒரே திசையில் ஓடுவதன்று. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சிவனொளிபாத மலையை அடுத்த மேற்கு மலைநாட்டில் தோன்றி, கித்துள்கலைக்கு மேலே ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அது ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றது. நோர்வூட், மஸ்கெலியா மக்கள் நாள்தோறும் காணும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இவ்விரு ஓயாக்களின் மேலேயே கட்டப்பட்டவை.

இறம்பொடை நீரோ வேறு வழி செல்வது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் நமது அருவியின் நீர் கொத்மலை ஓயாவை அடைந்து, கம்பளைக்கு மேலே மகாவலியுடன் சேர்ந்து, பேராதனையைத் தொட்டு, கண்டியை வளைத்து, வடகிழக்கே திரும்பி, இலங்கையின் மிக நீண்ட ஆறாகத் திருகோணமலையருகே கொட்டியார் குடாவிலே கடலை அடைகின்றது. எனவே நமது தண்ணீர் கிழக்கே போகின்றது. நமது பிள்ளைகள் மேற்கே போகின்றார்கள். இதனை எண்ணிப் பார்க்கும்போது மனத்திலே ஒரு சிறு துயரம் எழாமல் இல்லை.

பெயரிலே வாழும் துறை

நாம் முதலில் வண்டியை நிறுத்திய பாலத்துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழர் அதனைப் பாலத்துறை என்பர். சிங்களவர் தொட்டலங்க என்பர். அதாவது துறைக்கு அண்மையிலுள்ள இடம். கிராண்ட்பாஸ் என்னும் பெயரோ போர்த்துக்கேயர் காலத்துப் பெயரின் வழிவந்தது. கடந்து செல்லும் பெரிய துறை என்பதே அதன் கருத்து. பெருந்துறை என்று தமிழில் சொன்னால், மணிவாசகரின் திருப்பெருந்துறையை நினையாத சைவர் உண்டோ! மூன்று மொழியினரும் மூன்று பெயர் வைத்தார்கள். மூன்றும் சுட்டுவது ஒரே ஓடத்துறையை. இன்று அங்கே ஓடமில்லை. பெயர்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

ஈழநாட்டு வரைபடத்தைச் சற்று விரித்துப் பாருங்கள். காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, களுத்துறை, பாணந்துறை, ஹம்பாந்தோட்டை, கட்டுகஸ்தோட்டை! தமிழிலே துறை என்பதும் சிங்களத்திலே தொட்ட என்பதும் இறங்கி ஏறும் இடத்தையே குறிக்கும். நாட்டின் பேரூர்கள் பலவும் ஆற்றையோ கடலையோ கடக்குமிடத்தில் எழுந்தவையே. ஓடக்காரன் காத்திருந்த இடத்தில் முதலில் ஒரு மரநிழல். பின்பு ஒரு கடை. பின்பு ஒரு சந்தை. பின்பு ஒரு கோயில். இறுதியில் ஒரு நகரம். கொழும்பின் வடபகுதி இதற்குத் தக்க சான்று. ஆற்று முகத்தை அடுத்த ஊருக்கே முகத்துவாரம் என்று பெயர். அங்கே அருணாசலேசுவரர் கோயில் கொண்டுள்ளார். அண்மையில் கொட்டாஞ்சேனையிலே, பொன்னம்பல முதலியார் 1857 இல் எழுப்பி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் விளங்குகின்றது.

பாலத்துறையை அடுத்த நாகலகம் வீதியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல் உண்டு. மழைக்காலத்தில் வானொலியில் "நாகலகம் வீதியில் இத்தனை அடி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2016 மே மாத வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலிலும் தலைநகரம் முழுவதும் அந்த அடிக்கணக்கையே கேட்டுக்கொண்டிருந்தது. டித்வாவின்போது மேலே மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் மடிந்தன. கீழே களனிக்கரை வீடுகள் நீரில் மூழ்கின. மலையில் பெய்வது நகரத்தைச் சேரும் என்பதை அறிய இதனினும் கொடிய பாடம் வேண்டுவதில்லை.

படகுகளே பாலமான கதை

தமிழர் அவ்விடத்தைப் பாலத்துறை என்பதன் பொருத்தம் ஆராயத் தக்கது. கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. மலைநாட்டைக் கைப்பற்றியவர்களுக்கு அதனைப் பிடித்து வைத்திருக்க ஒரு நெடுஞ்சாலை தேவைப்பட்டது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820 இல் கொழும்பு - கண்டி வீதியைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே குறுக்கே நின்றது களனி கங்கை. ஆண்டு தோறும் பெருகும் ஆற்றிலே கல்தூண் நிறுத்துவது அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. ஆகவே 1822 இல் படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின் மேலே பலகை பரப்பிப் பாலமாக்கினார்கள். இதுவே புகழ்பெற்ற படகுப் பாலம். ஆறு உயர்ந்தால் பாலமும் உயரும்; ஆறு தாழ்ந்தால் பாலமும் தாழும். மேலும் கீழும் போகும் வள்ளங்களுக்கு வழிவிடுவதற்காகக் குறித்த வேளையில் நடுவிலுள்ள படகுகளை விலக்கிப் பாலத்தைத் திறந்து வைப்பார்கள். அப்போது வண்டிகள் இருகரையிலும் காத்துக் கிடக்கும்.

ஓடத்தின் மேல் வண்டி என்ற பழமொழி அங்கே எழுபது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் நடைபெற்றது. 1895 இல் இரும்பாலான விக்டோரியா பாலம் கட்டப்பட்ட பின்னரே படகுப் பாலம் ஓய்ந்தது. பின்பு 1959 இல் ஒரு பாலமும், 2021 நவம்பரில் கல்யாணி என்னும் பழம்பெயர் தாங்கிய புதிய பாலமும் எழுந்தன. கல்யாணி என்பது களனியின் பழைய பெயரே.

இத்தகைய பாலம் கொழும்புக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவிலே ஊக்ளி ஆற்றின் மேல் 1874 இல் மிதவைப் பாலம் ஒன்று அமைத்தனர். கப்பல் வரும்போது அதுவும் திறக்கும். 1943 இல் இன்றைய ஹௌரா பாலம் வரும்வரை அதுவே இருகரையையும் இணைத்தது. எனினும் அந்நகரத்தார் ஓடத்தைக் கைவிடவில்லை. ஹௌராத் துறையில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் படகேறி வேலைக்குச் செல்கின்றனர். கொச்சி நகரத்தார் 2023 இல் மின்கலத்தில் ஓடும் படகுச் சேவையையே தொடங்கிவிட்டனர். நெருக்கடி மிகுந்த பெருநகரம் தன் ஆற்றைச் சாக்கடையாகக் கருதாது சாலையாகக் கருதினால் மக்களுக்கு எவ்வளவு நன்மை! நாம் வண்டியில் சென்ற கரையோரத்திலே குப்பையும் கூளமும் கண்டு மூக்கைப் பொத்த நேர்ந்தபோது இவ்வெண்ணமே மேலிட்டது.

இரயில் வருமுன்னர் களனி கங்கையே ஒரு பெருவீதியாய் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. மலைச்சரிவிலே விளைந்த கோப்பியை வண்டியில் யட்டியாந்தோட்டைக்குக் கொணர்ந்து, அங்கிருந்து பாரு என்னும் தட்டையான வள்ளங்களில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினர். திரும்பும் வள்ளங்கள் அரிசியும் உப்பும் கொண்டு சென்றன. யட்டியாந்தோட்டை என்ற பெயரின் முடிவிலே நிற்பதும் அந்தத் துறையே அன்றித் தேயிலைத் தோட்டம் அன்று.

மூன்று முறை கடந்த மகாவலி

நிற்க. இனி நமது மூதாதையர் வந்த வழியை நோக்குவோம்.

கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பவர் 1820களின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டம் அமைத்தார். மலையக வரலாற்றை நாம் அக்காலத்திலிருந்தே எண்ணி வருகின்றோம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஆளான மக்கள் புறப்பட்டனர். பாக்கு நீரிணையைப் பாய்மரத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நீரற்ற காட்டு வழியே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்கமாட்டாதவர் வழியிலேயே விடப்பட்டனர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

மாத்தளைக்கு வந்தவர் இறம்பொடைக்கு வருவதெப்படி? கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து கண்டிக்கு வர வேண்டும். பேராதனையில் மீண்டும் மகாவலியைக் கடக்க வேண்டும். அதன் கரையோரமாகக் கம்பளை வந்து மூன்றாம் முறையும் அதே மகாவலியைக் கடந்து புசல்லாவை ஏற வேண்டும். பாலம் இல்லாத காலத்தில் மூன்றும் துறைகளே. மூன்றாவது கடப்பிலே அவர்கள் இறங்கிய நீரில் இறம்பொடை அருவியின் நீரும் கலந்திருந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். மலையை அவர்கள் காணுமுன்பே மலையின் தண்ணீர் அவர்கள் காலைத் தொட்டுவிட்டது!

பேராதனையில் 1833 இல் அமைந்த பாலம் அக்காலத்தோர் வியந்த ஒன்று. முதிரை மரத்தாலேயே ஆன ஒற்றை வளைவு. நீளம் 205 அடி. ஆணியும் இல்லை, இரும்புத் திருகும் இல்லை. மரத்தோடு மரத்தைப் பொருத்தியே ஆற்றின் நடுவில் தூண் இல்லாமல் நிறுத்தினர். 1905 வரை அது நின்று பயன்பட்டது. இதற்கு முன்னரே 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே அஞ்சற் குதிரைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையிலே உயர்ந்த நினைவுக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. வீதியிலே கல்லுடைத்தவர்க்குக் கோபுரம் எங்கே? 1832 வரை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் சிங்களக் குடிமக்கள் அவ்வீதியை வெட்டினர். அதன்பின் கூலிக்கு அமர்த்தப்பட்ட வீதிப்படைகளில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையாய் உழைத்தனர். ஆகவே கண்டி வீதி இரு இனத்தாரின் வியர்வையாலும் ஆனது.

புசல்லாவையிலிருந்து இறம்பொடைக் கணவாய் வழியே நுவரெலியா செல்லும் வீதியும் பான்ஸ் காலத்து முயற்சியின் தொடர்ச்சியே. புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் 1840களின் தொடக்கத்திலே வோம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டனர். ஆயினும் வாணிபத் தேயிலைக்கு அடிகோலியவர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரே. 1848 இல் நுவரெலியாவிலே குடியேற வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் வண்டி, குடிபோதையிலிருந்த அவர் குதிரைக்காரனால் இறம்பொடைக் கணவாயிலே பள்ளத்தில் வீழ்ந்த கதையை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். துரையின் வண்டி கவிழ்ந்தது நூலில் ஏறிற்று. அதே கணவாயைத் தலையிலே சுமையும் இடுப்பிலே குழந்தையுமாக ஏறிய நம் பாட்டிமாரின் கதை எந்த நூலிலும் ஏறவில்லை.

கடக்கும் கூலி யார் கணக்கில்?

துறை என்றால் கூலி உண்டு. அக்காலத்தில் பாலங்களிலும் ஓடத்துறைகளிலும் ஆயம் வாங்கும் உரிமையை அரசினர் ஏலத்தில் விட்டனர். ஏலம் எடுத்தவர் செல்வராயினர். வண்டிக்காரனும் வழிப்போக்கனும் காசு கொடுத்தே கடந்தனர். ஆயின் தோட்டத்துக்கு வந்த தொழிலாளி கையிலே காசேது? அவனுக்காகக் கங்காணி கொடுத்தான். கொடுத்ததை எழுதி வைத்தான். தோணிக்கூலி, சோறு, கம்பளி, முன்பணம் யாவும் கடனாகத் தொழிலாளியின் பேரிலே ஏறின. ஆற்றைக் கடந்தான், கடனைக் கடக்க முடியவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். யார் அக்கடனைத் தீர்க்கின்றாரோ அவர்க்கே தொழிலாளி உரியவன். இந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

1901 அளவில் தகரத் துண்டு முறை என்று ஒன்றும் வந்தது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைத் தொழிலாளி கழுத்திலே கட்டிக்கொள்வான். அதுவே கப்பலுக்கும் இரயிலுக்கும் சீட்டு. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட்டு, பின்பு தொழிலாளியைச் சேரும். பிள்ளைக்குப் பஞ்சாயுதம் கட்டும் கழுத்திலே தகரம் கட்டிய காலம் அது! தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தோர் களனிக்கு வடக்கேயுள்ள இராகமை முகாமில் தங்கவைக்கப்பட்டு மலைக்கு அனுப்பப்பட்டனர். கொழும்புத் துறைமுகத்திலிருந்து இராகமை செல்ல அவர்கள் களனி கங்கையைக் கடந்தனர். நாம் பூரணை நாளில் இன்பமாய் வண்டியோட்டிய கரைக்கு அண்மையிலேயே அவர்கள் இரயிலில் அடைபட்டுச் சென்றனர் என்பதை நினைந்தபோது, எம்முள் பேச்சு நின்றுபோயிற்று.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கடல் வழி ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். மண்டபம் முகாமில் பரிசோதனை; தனுஷ்கோடியில் கப்பல்; தலைமன்னாரில் மீண்டும் இரயில். சென்னையிலே ஏறியவர் கொழும்பிலே இறங்கலாம். வணிகரும் வித்துவான்களும் யாத்திரிகரும் அதிலே வந்தனர். தோட்டத்துச் சனங்களும் அதிலேயே வந்தனர். ஒரே கப்பலில் பல வகுப்பு. ஒரே கடலில் பல கதை.

திரும்பிச் சென்ற ஓடம்

வந்த துறை வழியே திரும்பிப் போகும் காலமும் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974 இல் அந்த எஞ்சியோரும் இரு பாதியாகப் பங்கிடப்பட்டனர். கணக்கிலே பாதியாகலாம், குடும்பத்திலே பாதியாக முடியுமோ? அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை. தாய் அக்கரை, மணமான மகள் இக்கரை என்று ஆயிற்று.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் செல்லுமுன், 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடியது. தாயகம் திரும்புவோர் என்று எழுதப்பட்ட நம் உறவினர் தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக அதிலே ஏறினர். லயன் வாசலிலே ஊரே கூடி ஒப்பாரி வைத்ததை இன்றும் சொல்லுவோர் நம்மிடையே உள்ளனர். 1984 இல் போரினால் அந்தக் கப்பலும் நின்றது. மலையக மக்களுக்குரிய குடியுரிமைக் குறையை நீக்கும் சட்டம் 2003 இலே வந்தது. இதற்குள் எத்தனை பேர் கடந்துவிட்டனர், கடலையும் காலத்தையும்!

2023 இல் மலையகம் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, ஜூலை 28 இலிருந்து ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தே சென்றனர். முன்னோர் நடந்த வழியை நினைவுகூரும் நடை அது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. வழிகள் மூடுவதும் திறப்பதுமாகவே வரலாறு செல்லுகின்றது.

பாதை என்னும் சொல்

மகாவலியின் முடிவிலே ஒரு செய்தி. மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலே நீரைக் கடக்கும் மிதவையை மக்கள் "பாதை" என்றே சொல்வர். நமக்குப் பாதை என்றால் நிலத்திலே உள்ளது. அவர்களுக்கு நீரிலே மிதப்பது. கிண்ணியாவுக்கு 2009 இல் பெரிய பாலம் வந்தது. ஆனால் அதன் அண்மையிலே, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்தபோது, 2021 நவம்பர் 23 காலையில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். நமது அருவி நீர் சென்று சேரும் குடாவுக்கு அருகே நிகழ்ந்த துயரம் இது. ஒரு பாலம் காலத்தில் முடியாமற் போனால் அதன் விலையைக் கொடுப்போர் யார் என்பதை ஆட்சியாளர் மறவாதிருக்க வேண்டும்.

இராமகாதையிலே கங்கைக் கரையில் ஓடம் செலுத்திய குகனைத் தம்பியாக ஏற்றுக்கொண்டான் இராமன். திருக்கொள்ளம்பூதூரிலே வெள்ளத்தில் ஓடம் செல்லாத வேளையில் திருஞானசம்பந்தர் பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்ந்ததென்பது சைவ மரபு. அங்கே ஓடத் திருவிழா இன்றும் நடைபெறும். அக்கரை சேர்ப்பவனை நம் சமயம் உயர்ந்தவனாகவே வைத்துள்ளது. களனிக் கரையிலே எம்மை ஏற்றிய முதியவர் கேட்ட சிறு கூலியைக் கொடுத்தோம். அவரும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஆயினும், இறங்கும்போது வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த வலைநூலைக் குனிந்து தாமே எடுத்துவிட்டார். களனி விகாரையிலே விபீடணனுக்கு ஒரு சந்நிதி உண்டு. அதன் முன் நின்றபோதும் எமக்கு அந்த முதியவரின் நினைவே வந்தது.

நாம் செய்ய வேண்டுவது

இளைஞர்களே! கொழும்புக்குப் போவது குற்றமன்று. தோட்டச் சம்பளம் போதாதென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் நீங்கள் பேருந்திலே உறங்கியபடி இரவோடிரவாகச் செல்லும் அவ்வீதியின் ஒவ்வொரு வளைவிலும் உங்கள் குடும்பத்தின் காலடி உண்டு என்பதை அறிந்து செல்லுங்கள். கம்பளைப் பாலத்தைக் கடக்கும்போதாவது ஒருமுறை கண்விழித்துப் பாருங்கள். நமது ஊர் நீர் கீழே ஓடுகின்றது.

பெரியோர்களே! தலைமன்னாரிலே உறவினரை வழியனுப்பி நின்றவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். எந்த ஊரிலிருந்து எந்தத் துறை வழியாக எந்த ஆண்டில் வந்தோம், யார் போனார், யார் நின்றார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். தோட்டம் தோட்டமாகச் சென்று அதனைக் கேட்டெழுதும் பணியை நம் சங்கத்து வாலிபர் மேற்கொள்வார்களாயின், அடுத்த ஆண்டு மலரிலே அதன் முதற்பகுதியை வெளியிடலாம். அப்போது கட்டுரையாளரின் பெயர் எதற்கு? பாட்டிமாரின் பெயரே போதும்.

அன்று மாலை விக்டோரியா பாலமிருந்த பக்கமாகத் திரும்பி வந்து வண்டிகளைக் கடையில் ஒப்படைத்தோம். ஒரு வண்டியின் மணியிலே ஆற்றுச் சேறு ஒட்டியிருந்தது. "எங்கேயடா போய் வந்தீர்கள்?" என்று கடைக்காரர் வினவினார். "ஊர்ப்பக்கம் ஐயா" என்றான் எம்மில் இளையவன். அவன் சொன்னது பொய்யென்று எமக்குத் தோன்றவில்லை.